அடி அறாத புகை

2015 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை, மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு நான் "அது விதிவிலக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அவள் தலையை ஆட்டினாள். குறிப்பேட்டில் எதையும் எழுதவில்லை. அந்தப் பதில் சரியில்லை என்பது வீடு திரும்பும் வழியிலேயே எனக்கு உறைத்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு மெய்யியலின் கிளைகளை எப்படிச் சொல்லித் தருவது என்று நான் அதுவரை கொண்டிருந்த எண்ணங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து சிக்கிக்கொண்டன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது என்னை விடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தை ஒட்டிய ஓர் அறையில், ஆறாம் படிவ மாணவர்களுக்காக நான் வாரம் ஒருமுறை நடத்தும் வகுப்பு அது. பல்கலைக்கழகத்துக்கு முன் அவர்கள் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் மெய்யியல் என்று தனிப்பாடம் கிடையாது. பெங்காஜியான் ஆம் என்ற பொதுப் பாடத்தின் கட்டுரைக்கு உதவும் என்று சொல்லித்தான் பெற்றோரிடம் பிள்ளைகளை அனுப்பச் சொன்னேன். அது உண்மைதான், ஆனாலும் என் மனத்தில் இருந்த காரணம் வேறு. செம்பனைக் குலை வெட்டும் வீட்டில் பிறந்த ஒரு பிள்ளை 18 வயதில் இரவு விழித்திருந்து யோசிக்கும் கேள்விகளை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதர்கள் உட்கார்ந்து பொறுமையாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். இப்போது பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு மெய்யியலும் நடப்பு விவகாரங்களும் என்று ஒரு கட்டாயப் பாடம் இருக்கிறது. ஆனால், கேள்வி முளைக்கும் வயது அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

முதல் நாளில் பலகையில் ஐந்து கட்டங்கள் போடுவது அன்று என் வழக்கம். மெய்ப்பொருளியல் (எது உண்மையில் இருக்கிறது என்ற ஆய்வு), அறிவாய்வியல், அளவையியல் (தருக்கம்), அறவியல், அழகியல். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி விளக்கம், ஒரு கேள்வி, இரண்டு அறிஞர்களின் பெயர்கள். மற்றப் பாடங்களை அவர்கள் மலாயில் படிப்பதால் பக்கத்திலேயே மெட்டாஃபிசிக், எபிஸ்டெமொலொகி, லோகிக், எத்திக்கா, எஸ்தெத்திக்கா என்றும் எழுதுவேன். பிள்ளைகள் அளவுகோல் வைத்துக் கட்டம் வரைந்து, தலைப்புகளுக்குப் பச்சை மையால் அடிக்கோடிட்டு, அடுத்த வாரம் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். நான் மகிழ்ந்தேன். இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். ஐந்தாம் படிவத்தில் நன்னெறிக் கல்வித் தேர்வுக்காக 36 பண்புகளையும் அவற்றின் வரையறைகளையும் சொல் மாறாமல் மனனம் செய்தவர்கள் அவர்கள். பண்பின் பெயர், அதன் வரையறை, பொருத்தமான செயல் என்று எழுதிப் பழகிய கை, 'அறிவாய்வியல் என்பது அறிவின் தன்மை, தோற்றம், எல்லை ஆகியவற்றை ஆராயும் துறை' என்பதையும் அதே முறையில் வாங்கிக்கொண்டது. ஒருவன் எப்போது ஒன்றை அறிந்தவன் ஆகிறான் என்று அந்த வரையறையை எழுதியவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் எதையும் செய்யவுமில்லை.

புகையும் அடுக்களையும்

அந்தச் சனிக்கிழமை அளவையியலின் முறை. அதற்கு மட்டும் நான் மணிமேகலையை எடுத்துக்கொள்வேன். தருக்கம் என்றாலே மேலைநாட்டுச் சரக்கு என்ற எண்ணம் பிள்ளைகளிடம் இருக்கிறது. 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு அளவைகளைச் சொல்லித் தருவதைக் காட்டினால் அது கலைந்துவிடும். அளவை என்றால் ஒன்றை அறியும் வழி. காண்டல், கருதல் (கண்டதைக் கொண்டு காணாததை உணர்தல்) என்று இரண்டே அளவைகள். கருதலுக்கு ஐந்து உறுப்புகள். இந்த மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகையுடையது ஆதலால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இந்த மலையும் புகையுடையது என்பது உபநயம். ஆகவே நெருப்புடையது என்று முடிப்பது நிகமனம். பலகையில் ஒரு மலையை வரைந்து, அதன் உச்சியில் சுருளாகப் புகையையும் வரைந்தேன்.

அறையின் கதவு மூடியிருந்தது. வெளியே பல வாரங்களாகப் புகைமூட்டம். அந்த ஆண்டு எல் நினோவால் மழை பொய்த்து, கடலுக்கு அப்பால் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் களிமந்தானிலும் கரிநிலக் காடுகள் எரிந்துகொண்டிருந்தன. நாட்டின் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடியிருந்தார்கள். வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முகமூடியைக் கழற்றித் தாடைக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். ஊருக்குக் கிழக்கே எப்போதும் தெரியும் மலைத்தொடர் இருந்த இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவி கையைத் தூக்கினாள். "சார், நம்ம மலையிலயும் புகை இருக்கு. ஆனா அங்க நெருப்பு இல்லையே? நெருப்பு சுமத்ராவுலதானே இருக்கு?"

அதற்குத்தான் நான் விதிவிலக்கு என்றேன்.

விதிவிலக்கு என்ற சொல்லுக்கு இலக்கணத்தில் இடம் உண்டு. அளவையியலில் அதற்கு இடமே இல்லை. புகை இருக்கும் இடத்தில் எல்லாம் நெருப்பு இருக்கும் என்பது பொது உண்மையாக இருந்தால்தான் மலையில் நெருப்பு உண்டு என்ற முடிபு நிற்கும். ஒரே ஓர் இடத்தில் புகை இருந்து நெருப்பு இல்லாமல் போனாலும் ஏது உடைந்துவிடுகிறது. மாணவி செய்தது அதைத்தான். அவள் எடுத்துக்காட்டு ஒன்றைத் தேடிப் போகவில்லை; எடுத்துக்காட்டு அவள் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அறையில் மெய்யியல் செய்துகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். நான் மெய்யியலைப் பற்றிய தகவல்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு அந்தக் காதையை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஐந்து உறுப்புகளுக்குப் பிறகு வரும் நீண்ட பகுதியைக் கடினம் என்று கருதி நான் பாடத்திலிருந்து விட்டிருந்தேன். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று ஒரு வாதம் எங்கெங்கே பிழைபடும் என்பதை வகை வகையாகச் சொல்லும் பகுதி அது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமல் இருக்கும்போதே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவது ஏதுப்போலி என்று அங்கே இருக்கிறது. எங்கள் ஊரில் மழை விட்ட காலையில் மலையில் தவழும் வெண்மையைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். மாணவி சொன்னது இதிலும் ஒரு படி கடினமானது, ஏனென்றால் மலையில் இருந்தது ஐயமற்ற புகை. சாதிக்க வேண்டிய பொருள் இல்லாத இடத்திலும் ஏது காணப்படுமானால் அது அநைகாந்திகம் என்று அதே காதை பெயர் வைத்திருக்கிறது. அவள் எழுப்பிய தடைக்குப் பெயரே இருந்தது. அந்தப் பெயர் இருந்த பக்கத்தைத்தான் நான் விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து வடமொழித் தருக்க நூல்களைப் பற்றிப் படித்தபோது இன்னொன்றும் கிடைத்தது. கேசவ மிசிரரின் தருக்கபாஷையில் மலையில் காணும் புகை வெறும் புகையாகச் சொல்லப்படவில்லை. அடி அறாமல், வானத்தைத் தொடும்படி எழும் புகைக் கோடு என்று சொல்லப்படுகிறது. நிலத்திலிருந்து பிரியாத புகைதான் அந்த நிலத்தில் நெருப்பு இருப்பதைக் காட்டும். காற்றில் மிதந்து வந்த புகை காட்டாது. தொலைவில் எரியும் காட்டின் புகை தன் ஊர் மலையில் வந்து படிந்ததை யாரோ ஒருவர் பார்த்து, ஓர் ஆசிரியரிடம் கேட்டு, அந்த ஆசிரியர் தம் வாக்கியத்தைத் திருத்தியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதற்குச் சான்று எதுவும் என்னிடம் இல்லை. ஆனால், திருத்தப்பட்ட ஒரு வாக்கியத்தின் அடையாளம் அந்த அடைமொழியில் தெளிவாக இருக்கிறது.

கட்டத்தை அழித்த பிறகு

அடுத்த சனிக்கிழமை நான் சொன்னது தவறு என்று வகுப்பில் சொல்லி, ஐந்து கட்டங்களையும் அழித்துவிட்டு, பலகையில் 'மலையில் புகை இருக்கிறது' என்ற வாக்கியத்தை மட்டும் எழுதினேன். அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று வாரம் தங்கினோம்.

முதலில் அடுக்களை போயிற்று. 'அடுக்களையைப் போல' என்ற எடுத்துக்காட்டைச் சென்ற வாரம் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் அல்லவா? உங்கள் வீட்டு அடுக்களையில் புகை வருமா என்று கேட்டேன். வராது, எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு. நெருப்பு உண்டு, புகை இல்லை. அப்படியானால் எதைப் பார்த்துத் தலையாட்டினீர்கள் என்று கேட்டபோது அமைதியாக இருந்தார்கள். பிறகு ஒரு மாணவன், தன் தாத்தா காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் கொட்டகை தோட்டத்தில் இருந்ததாகவும், அதைத் தான் பார்த்ததில்லை என்றும், ஆனால் கொட்டகைக்குள் விறகு எரிந்துகொண்டே இருக்கும் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருப்பதாகவும் சொன்னான். எடுத்துக்காட்டு என்பது பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒருங்கே அறிந்ததாக இருக்க வேண்டும் என்ற விதியை நான் சொல்லித் தரத் தேவையில்லாமல் போயிற்று. கூடவே, தாத்தா சொன்னதை அறிவு என்று கொள்ளலாமா என்ற கேள்வியும் வந்து நின்றது.

அங்கிருந்து நாங்கள் அறிவாய்வியலுக்குள் வந்துவிட்டோம் என்பதை நான் அப்போது சொல்லவில்லை. சுமத்ராவில் நெருப்பு எரிகிறது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். யாரும் பார்த்ததில்லை. செய்தியில் சொன்னார்கள், செய்தியாளருக்குச் செயற்கைக்கோள் காட்டும் வெப்பப் புள்ளிகளைக் கொண்டு யாரோ சொன்னார்கள், அந்தப் புள்ளிகள் நெருப்புதான் என்று இன்னொருவர் துணிந்திருக்கிறார். அறவண அடிகள் இரண்டு அளவையோடு நிறுத்திவிட்டார். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக வைக்கிறது. உரையைத் தனி அளவையாகக் கொள்ள வேண்டுமா, அல்லது நம்பத் தகுந்தவர் சொல்கிறார் ஆதலால் என்று அதுவும் ஒரு கருதல்தானா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒருத்தி தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு மிதமான நிலை என்று கைப்பேசி காட்டிய நாளிலேயே பாட்டிக்கு இளைப்பு தொடங்கிவிட்டதாம். எண்ணை நம்புவதா, பாட்டியின் நெஞ்சை நம்புவதா? அன்று எங்களால் முடிவு சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் குறியீட்டில் 10 மைக்ரான் வரையிலான துகள்களைத்தான் கணக்கிட்டார்கள். நுரையீரலின் அடிவரை போகக்கூடிய 2.5 மைக்ரான் நுண்துகள்கள் 2018-இல்தான் நம் நாட்டுக் குறியீட்டில் சேர்க்கப்பட்டன. அந்தச் செய்தியைப் படித்த அன்று அந்தப் பாட்டியை நினைத்துக்கொண்டேன். ஓர் அளவு எதை அளக்கிறது என்று கேட்பது அறிவியலுக்கு எதிரான செயல் ஆகாது. அறிவியலும் அப்படிக் கேட்டுத்தான் தன்னைத் திருத்திக்கொண்டது.

அந்த விவாதத்தின் நடுவில்தான் குறளில் எனக்கு ஒன்று பிடிபட்டது. பள்ளியில் எல்லோரும் படித்த 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' அறிவுடைமை அதிகாரத்தில் 423-ஆவது குறள். 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' மெய்யுணர்தல் அதிகாரத்தில் 355-ஆவது. இரண்டிலும் மிச்சம் எல்லாம் ஒன்றே: அப்பொருள் மெய்ப்பொருள் காண்பதறிவு. இரண்டையும் மாற்றி மாற்றி ஒப்பித்து நான் சிறுவயதில் திட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது பார்த்தால், யார் சொன்னாலும் என்று தொடங்குவது அறிவு நமக்கு வந்து சேரும் வழியைப் பற்றியது. எத்தன்மையதாக இருந்தாலும் என்று தொடங்குவது பொருள் இருக்கும் நிலையைப் பற்றியது. முன்னதை நான் அறிவாய்வியல் கட்டத்திலும் பின்னதை மெய்ப்பொருளியல் கட்டத்திலும் போட்டிருப்பேன். வள்ளுவர் இரண்டையும் ஒரே வரியில் கொண்டுவந்து முடிக்கிறார்.

அறவியலுக்கு வந்தபோதுதான் மனப்பாடத்தின் பிடி எவ்வளவு வலுவானது என்று கண்டேன். காட்டுக்குத் தீ வைப்பது சரியா என்று கேட்டவுடன் 'சுற்றுச்சூழலை நேசித்தல்' என்ற பண்பின் பெயர் நான்கு வாய்களிலிருந்து ஒரே நேரத்தில் வந்தது. பெயர் சொன்னதும் விவாதம் முடிந்துவிட்டது போல உட்கார்ந்துவிட்டார்கள். எரியும் நிலத்தில் பிறகு என்ன நடுகிறார்கள் என்று கேட்டேன். செம்பனை, காகிதக் கூழுக்கான மரம். செம்பனை என்ற சொல் வந்ததும், முதல் வாரம் கேள்வி கேட்ட அதே மாணவி பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள். பிறகு, "எங்கப்பா அந்த மரத்துலதான் சார் வேலை செய்றாரு. அவருக்கும் இதுல பங்கு இருக்கா?" என்று கேட்டாள். இதற்கு எந்தப் பண்பின் வரையறையும் பதில் சொல்லாது. அவள் அப்பா சுமத்ராவில் தீ வைத்தவர் அல்லர். எங்கள் ஊர்த் தோட்டத்தில் நீண்ட அரிவாளைத் தூக்கிக் குலை வெட்டுகிறவர். ஆனால், விலை ஏறினால் அங்கேயும் நடுவார்கள், அந்த விலையில்தான் இவருக்குப் போனசும் வருகிறது என்று ஒரு மாணவன் கடுமையில்லாமல், உண்மையாகவே யோசித்தபடி சொன்னான். அப்படியானால் பலகாரம் சுட எண்ணெய் வாங்கும் என் அம்மாவுக்கும் பங்கு உண்டு என்றாள் வேறொருத்தி. விளைவை வைத்துப் பொறுப்பை அளப்பதா, எண்ணத்தை வைத்து அளப்பதா, விலகிப்போகும் வழி ஒருவனுக்கு இருந்ததா என்பதை வைத்து அளப்பதா என்று மூன்று வழிகளும் மேசைமேல் வந்துவிட்டன. அதற்குப் பிறகு, விளைவை வைத்து அளக்கும் மில்லையும் எண்ணத்தை வைத்து அளக்கும் கான்ட்டையும் நான் சொன்னபோது, தாங்கள் பேசிய பேச்சில் பின்னால் வந்து கலந்துகொண்ட இருவரைப் போல அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். பொய் எந்த நிலையிலும் கூடாது என்று கான்ட் 1797-இல் எழுதியதை, புரைதீர்ந்த நன்மை பயக்குமானால் பொய்மையும் வாய்மை இடத்தது என்ற குறளோடு மோதவிட்டு ஒரு முழு வகுப்பு போயிற்று. பிள்ளைகள் பெரும்பாலும் வள்ளுவர் பக்கம் நின்றார்கள். நான் அன்று கான்ட்டுக்காக வாதாடினேன்.

அழகியலுக்கு ஒரே ஒரு கணம்தான் கிடைத்தது. புகைமூட்ட நாள்களில் சூரியன் குங்குமப்பொட்டுப் போலச் சிவந்து, கண் கூசாமல் பார்க்கும்படி இறங்கும். அதைப் படம் எடுத்து வைத்திருந்த ஒரு மாணவன், இதை அழகு என்று சொல்வது தப்பா என்று தயங்கிக் கேட்டான். அதற்கு மேல் அதைக் கொண்டுபோக எனக்கு அன்று தெரியவில்லை. இன்னும் அந்தக் கிளையை நான் போதுமான அளவு கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பாட்டியின் தோட்டம்

மெய்ப்பொருளியல் அந்தப் புகையிலிருந்து வரவில்லை. காரணம் என்றால் என்ன என்று கேட்டு அங்கிருந்து தொடங்க முயன்றேன். பிள்ளைகள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிளை வேறு வழியாக வந்தது. இளைப்பு நோயுள்ள பாட்டியின் பேத்தி, வேறு ஏதோ பேச்சில், பாட்டி இன்னமும் 'எங்க தோட்டம்' என்று ஓர் இடத்தைச் சொல்வதாகவும், அந்த இடத்தில் இப்போது தோட்டமே இல்லை என்றும் சொன்னாள். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது அவை துண்டு துண்டாகப் போனதும், அதைத் தடுக்கத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டிச் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கியதும் எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. இந்தப் பாட்டியின் தோட்டம் சங்கத்துக்குக் கிடைக்காமல் கைமாறியது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு பாதி நிலத்தில் வீடுகள் வந்தன. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தாயிற்று. காலையில் ஆள்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. மிஞ்சியிருப்பவை மாரியம்மன் கோயிலும் பேருந்து நிறுத்தத்தின் பெயரும்தான்.

பாட்டி 'எங்க தோட்டம்' என்று சொல்லும்போது எதைச் சுட்டுகிறார்? முதலாளி மாறியபோது அது அதே தோட்டமாக இருந்தது. மரம் மாறியபோதும் இருந்தது. லயம் போனபோது? கடைசிக் குடும்பம் டவுனுக்கு வந்தபோது? எந்த நாளில் அது இல்லாமல் போயிற்று? மண்தான் தோட்டம் என்றால் அது இன்னும் இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். ஆள்கள்தான் தோட்டம் என்றால் அது டவுனில் நான்கு தெருக்களில் பரவி இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. மாறும் பொருளில் மாறாதது எது என்று அரிஸ்டாட்டில் கேட்டதும், எல்லாம் கணந்தோறும் அழிகின்றன என்று பௌத்தர்கள் சொன்னதும் அதன் பிறகு பாடமாக நடந்தன. மெட்டாஃபிசிக் என்ற பெயரே அரிஸ்டாட்டிலின் நூல்களைத் தொகுத்தவர்கள் அந்தச் சுவடிகளை இயற்பியலுக்குப் பின்னால் வைத்ததால் வந்தது என்று சொன்னபோது, "அலமாரியில வச்ச எடத்தோட பேரா சார்?" என்று வியந்தார்கள். ஆமாம் என்றேன்.

கிளைகளின் எண்ணிக்கையை நான் இப்போது உறுதியாகச் சொல்வதில்லை. பழைய கிரேக்கர்களில் ஒரு சாரார் அளவையியல், இயற்பியல், அறவியல் என்று மூன்றோடு நிறுத்தினார்கள். இங்கிலாந்தில் ஏ-லெவல் மெய்யியல் எழுதும் மாணவர்களுக்கு அறிவாய்வியல், அறவியல், கடவுளைப் பற்றிய மெய்ப்பொருளியல், மனத்தைப் பற்றிய மெய்ப்பொருளியல் என்று நான்கு. அளவையியலுக்கும் அழகியலுக்கும் அதில் தனிப்பகுதி இல்லை. இலங்கையிலோ உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அளவையியலை அறிவியல் முறையோடு சேர்த்துத் தமிழிலேயே ஒரு முழுப் பாடமாகப் படிக்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஏக்கம் தரும் செய்தி. மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி தன் வாதத்தைத் தொடங்கும்போதே, அளவைகள் பழைய ஆசிரியர்களில் வியாதனுக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்று சொல்லிவிடுகிறான். அந்தக் கணக்கு வேறுபாட்டை அவன் மறைக்காமல் முதலிலேயே சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது ஐந்து கட்டங்களை நான் போடுவதில்லை. பருவத்தின் கடைசி வாரத்தில் பிள்ளைகளே அதுவரை பேசிய கேள்விகளைத் தாளில் எழுதி, எவை எவற்றோடு சேரும் என்று பிரித்து, பிறகுதான் என்னிடம் பெயர் கேட்கிறார்கள். பாட்டியின் தோட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். சிலர் அதை மெய்ப்பொருளியலில் வைக்கிறார்கள். 'எங்க' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, சம்பளம் வாங்கி உழைத்தவருக்கு நிலம் எப்படி எங்களது ஆகும், ஏன் ஆகக்கூடாது என்று கேட்டு, அரசியல் மெய்யியல் என்று எழுதிப் புதிதாக ஒரு கட்டம் போடுகிறவர்களும் உண்டு. சென்ற ஆண்டு மாணவர்கள் வகுப்பு முடிந்து மின்விசிறியை நிறுத்திய பிறகும் இதைப் பேசிக்கொண்டே நின்றார்கள். கடைசியில் ஒருத்தி மார்க்கரை வாங்கி, இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேலேயே 'பாட்டி தோட்டம்' என்று எழுதிவிட்டுப் போனாள்.